குளிரில் வைத்தால் கரையாது

நவ. 12, செவ்வாய். மழை, பிறகு பனி.

இதை எடுத்தவர் யாரானாலும் தயவுசெய்து மூடிவிடுங்கோ. அம்மாவிடம் காட்டவேண்டாம். கீழ் வீட்டு ராணி அன்ரியிடம் கட்டாயம் வேண்டாம்.

கந்தசஷ்டி இரண்டாம் நாள். அம்மா ஆறு நாளும் வெறும் தண்ணீர்தான். கொழும்பில் நிற்கிற அப்பாவுக்கு விசா கிடைக்க நேர்த்திக்கடன். அன்ரிக்கு மட்டும், "ஒரு நேரம் சாப்பிடுறன்" என்று பொய். அம்மாவுக்கும் அன்ரிக்கும் ஒரே ஃபக்ரறி, பின்னேர ஷிப்ற், பெட்டி அடுக்கிற வேலை.

அன்ரி சிரிக்கிறா: "இந்தக் குளிருக்கை முருகனே வந்தாலும் முதல் ஜக்கெற்தான் கேப்பார். நீ விரதம் பிடிக்கிறாய்!"

அம்மாவின் ஜீன்ஸுக்கு இப்போது என் பெல்ட்.

நவ. 13, புதன். கடுங்குளிர்.

சயன்ஸ் பாடம். மொனார்க் வண்ணத்துப்பூச்சி. இங்கேயிருந்து மெக்சிக்கோ வரை பறக்கும். வழியெல்லாம் தேன் குடித்துக் கொழுப்பாகச் சேர்க்கும். குளிர்காலம் முழுக்க அதில்தான் உயிர். மலைக் காட்டில், மரத்தில், கொத்தாக, அசையாமல். குளிராக இருந்தால் கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். சூடு பட்டால் பறக்கத் தொடங்கும், கொழுப்பெல்லாம் முடிந்துவிடும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அம்மா வேலையால் வர முன்னமே அவவின் அறை ஹீற்றரை நிப்பாட்டினேன். யன்னலை ஒரு விரல் அளவு திறந்துவிட்டேன். கம்பளி ஒன்றை ஒளித்தேன்.

நவ. 14, வியாழன்.

அம்மா இரவெல்லாம் நடுங்கினா. "ஏன் பிள்ளை வீடு இப்பிடி விறைக்குது?"

"தெரியாதம்மா."

அவவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ். நல்லது என்று நினைத்தேன்.

விடிய, குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. "ஒண்டுமில்லையடி. அன்ரிக்குச் சொல்லிப்போடாதை. வேலையால நிப்பாட்டிப்போடுவினம்."

இன்றைக்கும் ஹீற்றர் இல்லை. எனக்கும் நித்திரை இல்லை.

நவ. 15, வெள்ளி. ஸ்னோ.

மனிசருக்கும் அப்படியோ என்று ரீச்சரிடம் கேட்டேன். சிரித்தா. நேர் எதிராம். குளிர்ந்தால் எங்கள் உடம்பு தன்னைச் சூடாக்கப் பார்க்குமாம். நடுங்கி நடுங்கி இன்னும் கூட எரிக்குமாம்.

இரண்டு இரவு. நான்தான்.

ஓடி வந்தேன். அம்மா வேலைக்குப் போய்விட்டா. மேசையில் எனக்குச் சோறு, பருப்பு, மூடி வைத்தபடி.

ஹீற்றர் முழுக்க. யன்னல் பூட்டு. இரண்டு கம்பளியும் கட்டிலில். பால் காய்ச்சினேன். வந்ததும் எல்லாம் சொல்லுவேன். குடிக்காவிட்டால் அன்ரிக்கும் சொல்லுவேன். முருகன் கோவித்தால் என்னோடு கோவிக்கட்டும்.

வாற நேரம் தாண்டிவிட்டது. பாலில் ஆடை. திரும்பச் சூடாக்கினேன். திரும்ப ஆடை.

கதவு தட்டுகிற சத்தம். அன்ரியின் குரல்: "பிள்ளை, திறவம்மா."

அம்மா என்றால் தட்டமாட்டா. பூட்டைத் திறக்க அவவிடம் திறப்பு இருக்கு.