அசைலம் கிடைத்த சேதி

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வாப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா?

நேற்று எங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அழுதுகொண்டே வந்தார். அவருடைய இலங்கை மருமகனுக்கு சுவிஸில் அசைலம் கிடைத்துவிட்டதாக மகளிடமிருந்து மெசேஜ். தாராவியிலேயே பிறந்த, எங்கள் கடையில் என்னோடு வேலை செய்யும் முகேஷ்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறான்: "பாகல்கானா, ஆண்ட்டி. பைத்தியக்கார ஆஸ்பத்திரி."

நான் அகராதியைப் பார்த்தேன். அந்த அர்த்தம் பிற்பாடு வந்ததாம். யாரும் புகுந்து பிடித்துக்கொண்டு போக முடியாத இடம் என்பதுதான் கிரேக்க மூலம். "அடைக்கலம் குடுத்திருக்காங்க, பெரியம்மா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகேஷ் பக்கம் திரும்பினார். "அடைக்கலம்னு சொல்ல வேண்டியதுதானல, மூதி! வீட்டுக்குள்ள கூடு கட்டுத அடைக்கலாங்குருவிய யாராச்சும் வெரட்டுவாவளா?"

உம்மா, ஒரு பனையோலை விசிறி அனுப்புங்கள். என் அறையில் ஃபேனுக்கு மேலே குருவி கூடு கட்டியிருக்கிறது, ஃபேன் போடுவதில்லை. கூட்டை எடுத்துப் போடச் சொல்லி முகேஷ் திட்டுகிறான்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். விசிறியை மறந்துவிடாதீர்கள். சாயங்காலம் அறைப் பூட்டைத் திறந்ததும் குரல் கொடுக்க எனக்கு அந்தக் குருவிதான் இருக்கிறது.

உங்கள் பைசான்