தூரம் வராத வளையம்

பிப்ரவரி 4

அன்புள்ள உருளைக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதப்போகிறாய், அதனால் அதைக் கேட்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேச ஆரம்பித்தால் அம்மா பக்கத்திலிருந்து, "யாரு, அவளா? என்னவாம்?" என்று குறுக்கே வருகிறாள். நீயும் "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பார்சலிலேயே கடிதம்.

இதில் இருப்பது ஐம்பத்தெட்டு எம்.எம். பழைய லென்ஸ். வயதில் நம் இரண்டு பேருக்கும் மூத்தது. உள்ளே பூஞ்சை பிடித்துக் கிடந்ததைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் மாற்றியிருக்கிறேன். கூட இருப்பது நான் லேத்தில் கடைந்த அடாப்டர் வளையம். வளையத்தை உன் கேமராவில் மாட்டி, அதன்மேல் லென்ஸைத் திருகு. உன் புதுக் கேமராவுக்கு இது லென்ஸ் என்றே புரியாது, லென்ஸைக் காணோம் என்று அடம்பிடிக்கும். மெனுவில் போய் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்பதை ஆன் செய். ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் உன் கையால்தான்.

எதற்கு இத்தனை என்றால், என்னிடம் வளையம் வாங்கும் டைரக்டரம்மா ஒருவர், மலைப்பாதைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார். முழுக்க இந்த மாதிரிப் பழைய லென்ஸில். கூடவே இருந்து ஃபோகஸ் திருப்ப ஆள் தேடுகிறார். ஆறு மாத வேலை, ஊர் ஊராகச் சுற்றவேண்டும். உன்னைப் பற்றிச் சொன்னேன். கல்யாண வீட்டில் ஓடுகிற குழந்தையைக்கூட மங்கலாக்காமல் பிடிப்பவன் என்று கொஞ்சம் அளந்தும் விட்டேன். "தூரத்துக் காட்சியா கொஞ்சம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு சொல்றேன்" என்றார். மார்ச் முடிவதற்குள் வேண்டுமாம்.

வீட்டிலேயே உட்கார்ந்து அடுத்தவன் கல்யாண ஆல்பத்தில் முகப்பரு துடைத்தது போதும். இந்த வேலை உனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. அம்மா பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "மெஷின் எண்ணெய் நாத்தம். அவதான்" என்றாள். உன் கடிதத்தை லென்ஸ் மாட்டும் முறை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் இனி இரண்டு பக்கத்துக்கு எழுதாதே, எந்தக் கம்பெனிக்காரனும் அவ்வளவு விளக்கமாட்டான்.

லென்ஸைப் பற்றி என்ன சொல்ல! ஃபோகஸ் தயங்காமலும் வழுக்காமலும் போகிறது. மெமரி கார்டை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, டம்ளரின் விளிம்பு, ஊசியில் நூல் கோக்கிற அவள் விரல். விளிம்பு மட்டும் நிற்க, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகிறது. எனக்கே என் வீடு புதிதாக இருந்தது.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். குளியலறையில் விழுந்ததிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவரு காலா, என் காலா?" என்கிறாள். நான் கண்ணில் படாவிட்டால், "டேய், இருக்கியா?" "இருக்கேம்மா." கொஞ்ச நேரத்தில் மறுபடியும். நேற்று பல் தேய்த்துக்கொண்டே பதில் சொல்லி நுரையை விழுங்கிவிட்டேன்.

ஒரு சிக்கல். உன் வளையத்தில் தூரம் வரவில்லை அக்கா. கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட்டேன், எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி மங்கலாகவே நிற்கிறது. வளையம் தடிமனாகிவிட்டதோ என்னவோ.

உன்,
உருளை

---

பிப்ரவரி 27

அன்புள்ள உருளைக்கு,

படங்களைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டைரக்டரம்மாவிடம் காட்டினேன். "கை நிதானம் தெரியுது. ஆனா எனக்கு மலை வேணுமே, மாத்திரை அட்டையை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

நீ சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். வளையம் ஒரு முடி அளவு தடித்தால் போதும், லென்ஸ் தள்ளி நின்றுகொண்டு கிட்டத்தில் இருப்பதை மட்டும் காட்டும், தூரம் போச்சு. அனுப்புவதற்கு முன் நான் அளந்துதான் பார்த்தேன். ஆனாலும் எடுத்துப் பார்த்தவன் நீ. வேறு வளையம் கடைந்து இதில் வைத்திருக்கிறேன். சீக்கிரம் எடுத்து அனுப்பு, அவர் இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வளையம் கிடைத்தது. இதிலும் தூரம் வரவில்லை. நீ வருத்தப்படாதே, லென்ஸே அப்படியாக இருக்கும். எனக்காக இன்னொன்று கடைந்து பித்தளையை வீணாக்கவேண்டாம். டைரக்டரம்மாவை வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடேன். பாவம், எத்தனை நாள் காத்திருப்பார்.

ஆல்ப வேலை நிறைய வந்திருக்கிறது. அம்மா கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

உன்,
உருளை

---

மார்ச் 13

தம்பி,

யாரிடம் கதை விடுகிறாய்?

இரண்டாவது வளையத்தை நான் வேண்டுமென்றே ஒல்லியாகக் கடைந்தேன். ஒல்லி வளையத்தில் லென்ஸ் தூரத்தையும் தாண்டிப் போய் நிற்கும். கொஞ்சம் பின்னால் திருப்பினால் தண்ணீர்த் தொட்டி என்ன, அதன்மேல் உட்கார்ந்த காக்காயின் மூக்கே தெரியவேண்டும். தூரம் வராமல் இருக்க வழியே கிடையாது. ஒன்று, நீ மாட்டிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறாய்.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம். என் தொழிலை நான் சந்தேகப்பட்டேனே தவிர உன்னை அல்ல. அதுதான் வலிக்கிறது. இந்த வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லு. பழியை ஏன் என் வளையத்தின்மேல் போடுகிறாய்?

அக்கா

---

மார்ச் 18

அக்கா,

நீ சொன்னது சரி. நான் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுக்கவே இல்லை. அது இப்போது இங்கிருந்து தெரியாது. பக்கத்து மனையில் அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். எல்லா ஜன்னலுக்கு வெளியேயும் அதன் சுவர்தான், கையை நீட்டினால் தொடலாம். வந்து பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

தூரம் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்கு ஏறவேண்டும். உன் முதல் பார்சல் வந்த மறுநாள் ஏறினேன். லென்ஸை முழுதாக மாட்டிக்கூட முடியவில்லை, கீழே அலறல். ஓடி வந்தால், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். "வயசானவங்கள தனியா விட்டுட்டு மாடியில என்னப்பா போட்டோ?" என்று ஒருவர் கேட்டார். அன்று முழுக்க அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வீட்டில் உள்ள அதிகபட்சத் தூரம் வாசல் கதவிலிருந்து சமையலறைத் தொட்டிவரை. அதை வைத்து மலைக்கு வேலை கேட்க முடியாது.

வேலை வேண்டாமா என்று கேட்கிறாய். வேண்டும் அக்கா. எவ்வளவு வேண்டும் என்று எழுதினால் அழுதுவிடுவேன். ஆனால் நீ லென்ஸ் அனுப்புகிறாய், வளையம் அனுப்புகிறாய், நீ மட்டும் வரமாட்டேன் என்கிறாய். பத்து நாள் வந்து அம்மாவோடு இரு. அந்தப் பத்து நாளில் நான் போய் அவரை நேரில் பார்க்கிறேன். முடியாதென்றால் இனி பார்சல் அனுப்பாதே. பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் ஆசை வருகிறது.

உருளை

---

மார்ச் 22

அன்புள்ள உருளைக்கு,

திங்கட்கிழமை காலை வருகிறேன். டைரக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். படம் எதுவும் வேண்டாம், நீ நேரே வேலை நடக்கும் இடத்துக்கு வரலாம், பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். லாட்ஜ் முகவரி பின்பக்கத்தில்.

நான் இத்தனை வருடம் வராததற்கு அம்மா போட்ட சண்டைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மை வேறு. அந்த வீட்டுக்குள் வந்தால் திரும்பி வெளியே வரமுடியாதோ என்று பயம். லேத் பக்கத்தில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். எனக்கும் வந்திருக்கவேண்டிய சுமையை நீ இத்தனை நாள் தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய்.

அம்மாவிடம் நான் வருவதை முன்கூட்டிச் சொல்லாதே. அவள் தயாராகிவிடுவாள்.

அக்கா

---

ஏப்ரல் 3

அன்புள்ள உருளைக்கு,

நீ கிளம்பியதிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதில்லை. சுவரிடம் பேசுகிறாள். "சுவரே, இவளுக்கு உப்பு போடத் தெரியல." நானும் சுவரிடமே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சிமெண்டு வாடை, மூடினால் மருந்து வாடை. இரண்டாவது நாளே என் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வாசல்வரை போனேன். நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நேற்று நடந்ததைக் கேள். டீத்தூள் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகிறேன் என்றேன். "போகாத, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள், முதல் முறையாக என்னைப் பார்த்து. "டீ இல்லாம எனக்கும்தான் முட்டுது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அலறினாள். நான் திரும்பவில்லை.

வாங்கிக்கொண்டு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. மேல் தாழ்ப்பாள். எட்டிப் போடவேண்டிய தாழ்ப்பாள். உள்ளேயிருந்து குரல்: "என் புள்ள வந்தாத்தான் திறப்பேன்."

பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, "அவங்களாலதான் நடக்க முடியாதே, உள்ள யாரு தாழ்ப்பாள் போட்டது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் இறங்கும் நேரத்துக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "டீத்தூள் வாங்கினியா இல்லையா?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

காலையில் டைரக்டரம்மா போன் செய்தார். உன்னை ஆறு மாதத்துக்கும் வைத்துக்கொள்ளத் தயாராம். நீதான் திங்கட்கிழமை வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறாயாம். வராதே. நீ வந்தால் அம்மா மறுபடியும் நடக்கமாட்டாள். பகலில் வந்து இருக்க ஒரு பெண்ணை விசாரித்திருக்கிறேன். அதுவரை நான் இருக்கிறேன். பிடித்துப்போய் ஒன்றும் நான் இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இருக்கிறேன்.

உன்,
அக்கா

---

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லாட்ஜ் வாசலில் நின்று படித்தேன். நான் ஆச்சரியப்பட்டிருக்கவேண்டும். படவில்லை. அம்மா நடப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய லென்ஸில் டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அன்றுதான். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து நான் சத்தமில்லாமல் தரையில் படுத்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் மங்கலில் ஒரு நிறம் நகர்ந்தது. ஃபோகஸை மெல்லத் தூரத்துக்குத் திருப்பினேன். சமையலறையில் அம்மா, எக்கி நின்று மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தொடக்கூடாது என்ற டப்பா. ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு காலிலும் நன்றாக நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபோகஸைத் திருப்பி மறுபடியும் டம்ளருக்கே கொண்டுவந்துவிட்டேன். அவள் கரைந்துபோனாள். அப்படியே படமும் எடுத்தேன். அதை உனக்கு அனுப்பவில்லை.

ஏன் என்று எனக்கே தெரியாமல் இல்லை. கடைசியாகப் போன கல்யாணத்தில் பாதிப் படங்கள் மங்கல். ஸ்டுடியோக்காரர் அத்தனை பேர் முன்னாலும் என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினார். அடுத்த வாரம் அம்மா விழுந்தாள். பாவி நான், எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. இனி யாரும் என்னை எங்கேயும் கூப்பிடமாட்டார்கள், கேட்டால் சொல்ல அம்மாவின் கால் இருக்கிறது. மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்தது அவள் அலறலுக்காக மட்டும் இல்லை. மேலே நின்றபோது என் கையும் நடுங்கியது.

இங்கே முதல் நாளும் நடுங்கியது. டைரக்டரம்மா பார்த்துவிட்டு, "பரவால்ல, மலை எங்கயும் போகாது, மெதுவா திருப்புங்க" என்றார். இப்போது நடுக்கம் குறைந்திருக்கிறது. உன் வளையம் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பழி போட்டதற்கு மன்னித்துவிடு.

கீழே இருப்பதை அம்மாவுக்குப் படித்துக்காட்டு. ஒரு வார்த்தை மாற்றாமல் படி.

உன்,
உருளை

அம்மா,

நான் திங்கட்கிழமை வரவில்லை. படம் முடிந்த பிறகுதான் வருவேன், அதுவும் பார்த்துவிட்டுப் போக. நீ சமையலறையில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல இருந்தேன். உன்மேல் கோபம் இல்லை, அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

அக்காவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் கதவைத் திறந்துவிட்டுத் திட்டு. டாக்டரிடம் உன் காலால் நடந்து போ. எனக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்காதே. நீ உட்கார்ந்தே இருந்தாலும் நான் வரமாட்டேன்.

உன் மகன்