தெருவில் கிடந்த மாலை

ஆகஸ்ட் 4, கோவளம்

வளைகாப்பு முடிந்தது. கை நிறைய கண்ணாடி வளையல், கழுத்தில் ரோஜா மாலை, ஒரே கசகசப்பு. மாடி ரூமில் குடியிருக்கும் பாவெலையும் அத்தை கூப்பிட்டிருந்தார். போலந்துக்காரன், சர்ஃபிங் கற்க வந்தவன். என் கன்னத்தில் சந்தனம் தடவச் சொன்னதும் காதுவரை சிவந்துவிட்டான். மாலை எதற்கு என்று கேட்டான். வயிற்றுப் பிள்ளைக்கு வாழ்த்து என்றேன்.

ஏழாம் மாதம் இது. ஒன்பதில்தான் என்னைப் படாளத்துக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்குள் இந்த வெயில் என்னைக் கொன்றுவிடும்.

ஆகஸ்ட் 11

பிள்ளை உதைத்து உதைத்து உட்காரவிடவில்லை. அப்பன் குணம்.

ஆகஸ்ட் 13

மனசு ஆறவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலையில் எல்லப்பன் பெரியவரின் சவம் எங்கள் தெரு வழியாகப் போனது. மேளம், வெடி, குத்தாட்டம். வழியெல்லாம் மாலைகளைக் கழற்றி எறிந்துகொண்டே போனார்கள். சத்தம் ஓய்ந்ததும் அத்தை வாசல் கழுவ வந்தார். நான் பின்னால் நின்றேன். பாவெல் சிரித்துக்கொண்டே வந்தான், கையில் ஒரு முழு ரோஜா மாலை. ஏதோ திருவிழா என்று அவனும் ஆடியிருக்கிறான். "அக்கா, பாப்பாக்கு!" என்று என் கழுத்தில் போட்டுவிட்டான்.

என்ன தப்பு? போன வாரம் எங்கள் வீட்டில் பார்த்ததைத்தானே செய்தான்?

அத்தை அலறினார். "ஐயோ, பொண மாலைடா! புள்ளத்தாச்சி கழுத்துலடா!"

என் வீட்டுக்காரர் ரஞ்சித் வாசலில் சாத்தியிருந்த படகுத் துடுப்பை எடுத்தார். முதல் அடி தாடையில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவன் முகத்தில் மிதித்தார். பல் தெறித்தது. தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டபடி "தப்பா? தப்பா?" என்று ரத்தத்தோடு குழறினான்.

"வுடுய்யா! அவனுக்கு இன்னா தெரியும்?" என்று குறுக்கே போனேன்.

"போடி அந்தாண்ட!"

முழங்கையால் இடித்தார். வயிற்றில். வேண்டுமென்றா? இல்லை. ஆனால் இடித்தார். வாசற்படியில் விழுந்தேன்.

வெளியே இன்னும் கத்துகிறார்கள். வயிறு கல்லாகக் கிடக்கிறது. உதைக்கவில்லை — ஏன் உதைக்கமாட்டேன் என்கிறாய்?

ஆகஸ்ட் 14

போய்விட்டது. ஆண் பிள்ளை.

ஆகஸ்ட் 17, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி

பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு. "வெள்ளக்காரன் போட்ட மாலதான் புள்ளய முழுங்கிச்சி." பால் கட்டி மார் வெடிக்கிறது. எனக்கு அவர்கள் வாயைத் தைக்க வேண்டும்போல இருக்கிறது.

இவர் என் கையைப் பிடித்து அழுதார். "அவன வுடமாட்டேன் செல்வி. கம்ப்ளைண்ட் குடுத்துகிறேன். போலீஸ் வருவாங்கோ. அவந்தான் உன்னத் தள்ளிவுட்டான்னு சொல்லிடு."

அதே முழங்கை கட்டிலில் ஊன்றியிருந்தது. ரத்தம் வரக் கடிக்கலாமா என்று பார்த்தேன்.

பாவெலும் இதே ஆஸ்பத்திரியில்தான். தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறதாம், பேச முடியாது. அவனுக்காகப் பேச ஊரில் ஆளில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 18

போலீஸ்காரம்மா வந்தார். சங்கரி என்று பெயர். இவரும் அத்தையும் கட்டிலருகே நின்றார்கள்.

"யாரும்மா தள்ளிவுட்டது?"

இவர் பக்கம் கையை நீட்டினேன். "தோ, இவருதான். முழங்கையால இடிச்சாரு. அந்தப் புள்ள என்னத் தொடக்கூட இல்ல."

அத்தை என் முடியைப் பிடித்து இழுத்தார். "பாவி, வூட்டக் கெடுத்துட்டியேடி!" இவர் கையை ஓங்கினார். சங்கரி அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். அந்தத் தள்ளுமுள்ளில் என் வளையல்கள் கட்டில் கம்பியில் பட்டு நொறுங்கின. நான் அழவில்லை.

செப்டம்பர் 20, படாளம்

ரஞ்சித் இன்னும் ஜெயிலில்தான். பார்க்கப் போகவில்லை, போகவும் மாட்டேன்.

இன்று பாவெல் வந்தான். நாளைக்கு ஊருக்குப் போகிறானாம். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அம்மா கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். தம்ளரைத் தொடும் முன், வாங்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.