தமிழ் இரவைத் தள்ளிவைத்தவன்

ஜனவரி 11, ஞாயிறு

மைனஸ் இருபத்திரண்டு. காற்றையும் சேர்த்தால் வாயால் சொல்லக் கூடாத எண்.

முதலில் வெட்கக்கேடு. இன்று ஆட்ட இடைவேளையில் ஆண்கள் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, மூடியைப் போட்டு அதன்மேல் இருந்து இரண்டு மட்டன் ரோல் சாப்பிட்டேன். மண்டபத்துக்குள் வெளிச் சாப்பாடு தடை. உள்ளே விற்கிற ஹொட்டோக் எனக்கு நெஞ்செரிவு. வயது ஐம்பத்துநாலு. வேலைத்தலத்தில் சுப்பவைசர். மக்கள் மதிக்கிற ஆள் என்று நான் நம்புகிறேன்.

முதல் ரோல் முடிந்து இரண்டாவது வாய்க்குள் இருக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோச். அந்தத் தகரத் தொண்டையை எந்தக் கழிவறையிலும் அடையாளம் காணலாம். மற்றவர் மனேஜர். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

"ஆதவன் விஷயம்?"

"தமிழ் இரவு முடியட்டும். அடுத்த நாள் விட்டுவிடலாம்."

"தகப்பனுக்கு?"

"அதுவரைக்கும் மூச்சுக் காட்ட வேண்டாம்."

தண்ணீர்ச் சத்தம். கை கழுவியது ஒருவர் மட்டும்.

நான் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

முடிவு: 81–98, தோல்வி. ஆதவன் ஆறு நிமிடம், இரண்டு புள்ளி. மிச்ச ஆட்டத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 12, திங்கள்

பத்து வருடம் கழித்து இதைப் படிக்கும்போது நானே மறந்திருப்பேன். ஆகவே குறிப்பு.

ஆதவன்: சிவத்தின் ஒரே மகன். எங்கள் அணியில் உதிரிக் காவலன். அதாவது, முதல் ஐந்து பேரில் யாருக்காவது மூச்சு வாங்கினால் இறங்குகிறவன். சிவம்: டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை. சீருடைக்குள் மகனின் இலக்கம் போட்ட பனியன். லீக்: கூடைப்பந்தில் சின்ன லீக். பெரிய லீக்குக்குப் போகாதவர்கள், போய்த் திரும்பியவர்கள். பஸ் பயணம். அறைக்கு இரண்டு பேர்.

நான்: 'பந்தும் பம்பலும்' வட்ஸ்அப் குழுவின் தாபகர், ஆசிரியர், வதந்தித் திணைக்களம். யார் வந்தான், யார் போனான், எத்தனைக்கு எத்தனை என்று ஆட்டம் முடிந்த சூட்டோடு போடுவேன். ஜனவரி 25 நடக்கவிருக்கும் தமிழ் இரவுக்கு டிக்கெட் விற்பதும் நான்தான். இடைவேளையில் ஆதவனுக்குப் பொன்னாடை.

இதில் பாரமான விஷயம் ஒன்று. படிப்பைப் பாதியில் விட்டுப் பந்துக்குப் போனவன் அவன். வீட்டில் ஒப்பந்தம்: இந்த சீசன் கடைசி. அணி கழற்றிவிட்டால் பந்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். வேலை எங்கே? புவாண்ட்-கிளேரில் என் கிடங்கில். வாக்குக் கொடுத்த பெரிய மனிதன் யார்? கண்ணாடியில் பார்த்தால் தெரிகிறது.

இரவுச் சாப்பாட்டில் மனைவி ராஜிக்கு மட்டும் சொன்னேன்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உள்ளுக்க இருந்து வந்த செய்தி."

"எந்த உள்ளுக்க?"

"அது சொல்ல ஏலாது."

"அப்ப பெடியனுக்குச் சொல்லுங்கோ. அவன்ர காரியம்தானே."

"சொன்னால் அவன்ர ஆட்டம் விழுந்திடுமப்பா."

"இப்ப மட்டும் எழும்பி நிக்குதோ?"

பருப்பில் உப்பு இல்லை. சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். பால் பொங்கியது. புகை மணியும் பொங்கியது. மேல் வீட்டு மதாம் தும்புத்தடியால் தரையில் இடித்தாள்.

பொங்கலைக் கிண்டும்போது பிடிபட்டது. தமிழ் இரவு முடிந்தால்தான் அவனை விடுவார்கள். முடியாவிட்டால்? வராவிட்டால்? தமிழ் இரவு முன்னால் இருக்கும் வரைக்கும் ஆதவன் அணியில் இருப்பான். இவ்வளவு மூளை எனக்கு இருப்பது ராஜிக்குத் தெரியாது.

மத்தியானம் அணியின் டிக்கெட் பகுதி ஜெனவியேவுக்கு ஃபோன் எடுத்தேன். தங்கமான பிள்ளை. எல்லாவற்றையும் எழுதிவைப்பாள்.

இருபத்தைந்தாம் தேதி ஆகாது என்றேன். ஏன் என்றாள். அட்டமி என்றேன். சந்திரன் எட்டாம் நாளில் நிற்கும்போது தமிழர் நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள், சனம் வராது என்றேன். மதக் காரணமா என்றாள். என் குரல் தானாகவே கோயில் ஐயரின் குரலாகிவிட்டது. ஆம் என்றேன். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

உண்மை: குசினிச் சுவரில் தொங்கும் பலசரக்குக் கடைக் கலண்டரில் இருபத்தைந்தாம் தேதி கலியாணமே வைக்கலாம். அட்டமி மறுநாள். நான் ஒரு நாள் முன்னுக்கு இழுத்தேன். சந்திரன் கோபிக்காது.

பெப்ரவரி 15, ஞாயிறு இருக்கிறது, அன்று உங்களுக்குப் பிரச்சினை எதுவும் இல்லையே என்றாள்.

இல்லை என்றேன். கலண்டரைப் பார்க்காமல்.

ஜனவரி 17, சனி

வெளியூர் ஆட்டம். 77–103. இதற்குப் பெயர் ஆட்டமா, அடி வாங்குதலா? பஸ்ஸும் வழியில் நின்றதாம்.

தேதி மாறிய செய்தியைக் குழுவில் போட்டேன். ஜனவரியில் வரும் தமிழ் மரபுத் திங்களுக்குரிய விழா இம்முறை மரபை மீறிப் பெப்ரவரியில் என்று ஒரு பகிடியும் சேர்த்தேன். மூன்று சிரிப்பு முகம். ஒன்று நான் போட்டது.

சிவம் எடுத்தான்.

"குணம் அண்ணை, என்ன கோதாரிக்கு மாத்தினவங்கள்? நான் வேலையில லீவு போட்டிட்டன்."

"மண்டபத்தை ஹொக்கிக்குக் குடுத்திட்டாங்களாம் சிவம்."

"ஹொக்கியோ."

"ஹொக்கி."

இந்த நகரத்தில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஃபோனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "டொரண்டோவில இருந்து மச்சானும் வாறன் எண்டவன் அண்ணை. 'பந்தடிச்சுச் சோறு தின்னலாமோ' எண்டு கேட்டவன். ஒருக்கா வந்து பாக்கட்டும் எண்டுதான்."

பதினைந்தாம் தேதி பார்ப்பான் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

தமிழ் இரவாக இருந்திருக்க வேண்டிய நாள். தமிழர்: நான், சிவம். வெயில். பனி கண்ணைக் குத்துகிறது.

92–90, வெற்றி. இந்த சீசனின் முதல் நல்ல சேதி. ஆதவன் நாலு நிமிடம், புள்ளி இல்லை. மிச்ச நேரம் உதிரிகள் இருக்கும் வாங்கின் தொங்கலில், தலையில் துவாய். எல்லாரும் குதிக்கும்போதும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிய கார் தரிப்பிடத்துக்கு ஓடிவந்தான். தொப்பி இல்லை. ஈரத் தலையில் ஆவி.

"அங்கிள், பெப்ரவரி பதினைஞ்சு ஷுவரோ? முதலே வைக்க ஏலாதோ?"

"ஏன் அந்தரப்படுறாய்? அது கட்டாயம் நடக்கும்."

"முதலே ஏலாது?"

"ஏலாது. எல்லாம் உன்ர நன்மைக்குத்தான். பேந்து விளங்கும்."

தலையாட்டிவிட்டுப் போனான். பாவம், பொன்னாடைக்கு இவ்வளவு ஆசை என்று நினைத்தேன். காரில் இருந்து எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். தடித்த ஜாக்கெட். தட்டியது தெரியவில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

மழையும் பனியும் சேர்ந்த சனியன். சறுக்கி விழுந்தேன். பின்பக்கம் நாவல்பழ நிறம். படம் குழுவில் போடவில்லை, கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆள் மாற்றம்: சேர்பியாக்கார நெட்டையன் போய்விட்டான். ஹங்கேரியில் இடமாம். அங்கெல்லாம் ஆள் எடுக்கும் காலம் ஜனவரியோடு முடியுமாம். கடைசி நேரத்தில் ஏறியிருக்கிறான். வந்தவன்: ஒன்டாரியோவில் இருந்து ஒரு கட்டையன், ஆதவனின் அதே இடத்தில் ஆடுகிறவன். ஆதவன் இன்னும் இருக்கிறான். உபயம்: அட்டமி.

முடிவு: 84–95. கட்டையன் பதினெட்டுப் புள்ளி. ஆதவன் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் ராஜி கலண்டருக்கு முன்னால் நிற்கிறாள்.

"இஞ்சேருங்கோ. உங்கட தமிழ் இரவு எப்ப?"

"பதினைஞ்சு."

"இதில சிவப்பு எழுத்தில என்ன கிடக்கு, வாசியுங்கோ."

வாசித்தேன். மகா சிவராத்திரி.

"அண்டைக்குச் சனம் விரதம் பிடிச்சுக் கோயில்ல கண் முழிக்குமோ, உங்கட பந்தைப் பாக்குமோ?"

நல்ல நாளைக் கெட்ட நாள் என்று தள்ளிவிட்டு, தள்ளிய இடத்தைப் பார்க்காத தமிழன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். திரும்பவும் மாற்றலாமா என்று ஜெனவியேவுக்கு எடுத்தேன். முடியாது, அச்சடித்தாயிற்று என்றாள். பிறகு மெதுவாக: "மறுபடியும் சந்திரனா?"

பெப்ரவரி 15, ஞாயிறு

தமிழ் இரவு. அந்தி ஆட்டம். குளிர் பரவாயில்லை. நல்ல நாளாம்.

டிக்கெட் வாங்கிய சனம் வாங்கியதுதான். வரவில்லை. எங்களுக்கு ஒதுக்கிய பகுதி முழுக்க நீல நாற்காலி. நடுவில் சிவமும் மனைவியும், டொரண்டோ மச்சானும், பட்டினியோடு நாலைந்து பேரும். அந்த நாலைந்து பேரும் இடைவேளையோடு கோயிலுக்குப் போய்விட்டார்கள். ரோல் கடை போட்டவர் மட்டனை விட்டு மரக்கறி ரோல் கொண்டுவந்திருந்தார். விரதகாரர் அதையும் தொடவில்லை. வெள்ளைக்காரர் வாங்கித் தின்றார்கள்.

ஆதவனுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவன் உயரத்துக்கு என் கை எட்டாமல் குனிந்து தந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரை மூன்று விதமாகச் சொன்னார்கள், மூன்றும் பிழை. சிவம் தனியாக எழுந்து நின்று கை தட்டினான். நிறுத்தவே இல்லை. டொரண்டோ மச்சான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதவன் கடைசி இரண்டு நிமிடம் இறங்கினான். ஒரு தனி எறிதல் உள்ளே. ஒரு புள்ளி. 70–88.

போகும்போது மச்சான் சிவத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல உயரமான பெடியன். ஏதும் வேலையில விடன்."

பெப்ரவரி 16, திங்கள்

அணியின் பக்கத்தில் காலையில் ஒரே வரி. ஆதவனை விடுவித்திருக்கிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அதற்குக் கீழே பீட்சா விளம்பரம்.

எல்லா ஆள் மாற்றத்தையும் முதலில் போடுகிற 'பந்தும் பம்பலும்' இன்று ஒன்றும் போடவில்லை. யாரோ கேட்டிருந்தார்கள்: "அண்ணை, செத்துப்போனீங்களோ?"

மாலை சிவத்திடம் போனேன். பொன்னாடை மடித்து சோபாவின் கையில் கிடந்தது. சிவம் ரிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிவி போடவில்லை.

"அண்ணை, உங்கட இடத்தில ஆள் எடுக்கிறாங்களோ?"

"ஓம்."

"நல்லது."

தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். வேறு என்ன செய்வது?

பெப்ரவரி 19, வியாழன்

விடியப் பனி. ஆதவனுக்கு முதல் நாள். கூட்டிக்கொண்டு போனேன். என் சின்னக் காருக்குள் அவன் மடிந்திருந்த விதம். முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில். பாதுகாப்புச் சப்பாத்து பதினாலாம் அளவில் கிடங்கில் இல்லை. சொல்லி எடுக்க வேண்டும்.

டோர்வல் தாண்டும்போது கேட்டான்:

"அங்கிள், அட்டமி எண்டால் என்ன?"

கார் கொஞ்சம் சறுக்கியது. பனி.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஜெனவியேவ். அதாலதான் நைட்டை மாத்தினதாம். அப்பா ஹொக்கி எண்டுறார்."

"அது… புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாத நாள்."

"ஓகே." சிரித்த மாதிரி இருந்தது. "அப்ப சரிதான்."

துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.

"ஃபின்லாந்தில ஒரு ரீம் என்னைக் கேட்டது அங்கிள். செக்கண்ட் டிவிஷன். ஆனா முதல் ஐஞ்சில ஸ்டார்ட் பண்ண விடுவாங்கள். என்னை விடுங்கோ எண்டு கோச்சிட்டக் கேட்டதே நான்தான். தமிழ் நைட் முடிஞ்ச அடுத்த நாள் விடுறன் எண்டவர். அப்பாக்கு மூச்சுக் காட்டாதேங்கோ எண்டு சொன்னதும் நான்தான். எல்லாரையும் வரச்சொல்லிப்போட்டு அப்பா நிக்கேக்க நான் இல்லாட்டி எப்பிடி?"

எனக்கு மட்டன் ரோல் நெஞ்சில் நின்றது. சாப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல்.

"பேந்து இஞ்சயே நிக்கட்டோ எண்டு கேட்டனான். என்ர இடத்துக்கு ஆள் எடுத்திட்டாங்கள்."

"எனக்கு ஏனடா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உங்களிட்டச் சொன்னால் குறூப்பில வந்திடும், அங்கிள்."

புவாண்ட்-கிளேர் வெளிவழி. சிக்னல் போட்டேன்.

"எப்ப வரச் சொன்னவங்கள்?"

"ஜனவரி முப்பதுக்கு முதல்."