பதினொரு மடங்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அண்ணன் ஓட்டும் மெஷினின் சத்தத்தைப் பதினேழு நிமிடம் பதிவு செய்து முடித்த பிறகுதான் பார்த்தேன் — ரெக்கார்டர் எம்பி3யில், அதுவும் இருப்பதிலேயே சின்ன அளவில் இருந்தது. சத்தத்தை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் ஆய்வகம் கேட்பது சுருக்காத வேவ் கோப்பு. மறுபடி பதிவு செய்ய ஃபோர்மேனிடம் போய் நிற்க வேண்டும். "இன்னொரு தப்பு பண்ணு, அப்புறம் உங்க அண்ணன் சிபாரிசும் செல்லாது"ன்னு போன வாரம்தான் கத்தினார்.

கணினியில் போட்டு வேவாக மாற்றினேன். எட்டு எம்பி, எண்பத்தெட்டு ஆனது. 'நேரடிப் பதிவு' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 6

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: உருளையைத் தாங்கும் பேரிங்கில் கோளாறு இல்லை.

மெஷினில் மெல்லிசாய்க் கீச்சென்று கேட்கிறது என்று அண்ணன் புகார் சொன்னதால்தான் இந்தப் பதிவே. ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். மெஷின் சத்தம் பதிகிறவள் என்பதால் நான்தான் அவருக்குக் காது டாக்டர். "நம்ம காது டாக்டரே சொல்லிட்டா. அப்ப எனக்குத்தான் வயசாயிடுச்சு."

ஜூன் 7

அனுப்பிய கோப்பைப் போட்டுக் கேட்டேன். கீச் இல்லை. எம்பி3 சுருக்கும்போதே அந்த உச்ச ஒலியை வெட்டி எறிந்துவிட்டது. வேவாக மாற்றினால் கோப்புதான் வீங்கும், போனது திரும்பி வருமா? இதையெல்லாம் படித்துத்தானே வேலைக்கு வந்தேன்? ஏட்டுச் சுரைக்காய்!

ஜூன் 9

அண்ணனின் காதில் அண்ணி சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். "அங்க எல்லாரும் செவிடன்னு கிண்டல் பண்றாங்களாம்" என்றார் என்னிடம். திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி நின்றேன்.

ஜூன் 10

சொல்லவில்லை.

ஜூன் 11

"இன்னிக்குக் கீச்சு ஜாஸ்தி. மருந்து ஒத்துக்கல போல" — சாப்பிடும்போது அண்ணன் சொல்கிறார். சிரிக்க வேறு செய்கிறார். ஐயோ, அந்த உருளைக்கு ஒரு முழம் தள்ளித்தானே நாள் முழுக்க நிக்கிறாரு! பேரிங் உடைஞ்சா? கையெழுத்து என்னோடது இல்லையா? வேலை போனா போய்த் தொலையட்டும்.

ஜூன் 12

ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவில்லை. ஓடிப்போய் மெஷினை ஓட்ட வேண்டாமென்று தடுத்தார். மதியம் பேரிங்கைக் கழற்றினார்கள். உள்வளையத்தில் நகம் நீளத்துக்கு விரிசல்.

அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறு நாளா என் காதை நானே நம்பலையேடீ."

ஜூன் 16

ரெக்கார்டரைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நடுவில் அண்ணிதான் தபால்காரர்.

ஜூன் 19

சாயங்காலம். அண்ணனின் அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி ஓடியது. வெளியே நின்று, எனக்கே கேட்காத குரலில் "மன்னிச்சிடுண்ணா" என்றேன்.

டிவி சத்தம் குறைந்தது.

"கேக்குது" என்றார் உள்ளிருந்து. "நல்லாத்தான் கேக்குது."