உன் பாடத்துக்கு எங்கள் தெரு

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி வீட்டார் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும்போல நினைக்கிறேன். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன். மனசைப் பற்றிக் கேட்டால் பதில் கீழே இருக்கிறது, முழுதும் படி, பாதியில் போனை எடுக்காதே. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டு, வைத்த பிறகுதான் கோபப்படுகிறேன். அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றே என்னை உற்றுப் பார்த்து, இவ்வளவு நரைச்சுட்டியா என்று கேட்டார், மங்கலாகவே இருந்திருக்கலாம் போங்க என்றேன். சொட்டு மருந்தை நான் விட்டால்தான் விட்டுக்கொள்கிறார், நர்ஸ் விட்டால் எரிகிறதாம். தம்பி மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், தாத்தாவின் விரலையும் சேர்த்து. தம்பி வேலை மாறியிருக்கிறான், சம்பளம் அதேதான், திட்டுகிற ஆள் மட்டும் வேறு என்கிறான். குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, மேல்மாடிக்காரர் அது தன் வீட்டுத் தண்ணீர் இல்லை என்று சாதிக்கிறார், தண்ணீரில் பெயரா எழுதியிருக்கும். நீ அனுப்பிய சால்வை வந்தது, நன்றாக இருக்கிறது, இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று நீயே புரிந்துகொள்வாய்.

பூங்கா எப்படி அமைய வேண்டும், திடல் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடப் போகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற வேலை உனக்குக் கிடைத்தபோது நான் எங்கள் பள்ளிக்கூட ஆபீசில் ஒருவர் விடாமல் சொன்னேன், ஃபீஸ் கட்ட வந்தவர்களைக்கூட நிற்கவைத்துச் சொன்னேன். என்ன பாடம் என்று கேட்டால், ஒரு இடத்தில் கோடு போடுவதற்கு முன்னால் அங்கே இருக்கிற ஜனங்களைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கிறாள் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன். தெருமுனை சைக்கிள் கடைக்காரர், வாயை மூடாததால் நாம் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறோமே அவர், கேட்கிறதுக்குமா ஒரு படிப்பு என்று சிரித்தார். சிரிங்க சிரிங்க, உங்களை யாராவது ஒருநாள் கேட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா என்று நான் மடக்கினேன்.

பிறகு நீ போன் செய்தாய். பழைய பஸ் ஷெட் இருந்த திடலைப் பற்றிப் பேசத்தான் மாணவர்களை அனுப்புகிறேன், ரயிலில் வருவார்கள், தெருவில் எல்லோரையும் பள்ளிக்கூட ஹாலுக்கு வரச்சொல்லும்மா என்றாய். நீயும் வருவாய்தானே என்றேன். நான் வந்தா எல்லாரும் என் முகத்தையே பார்ப்பாங்கம்மா, பசங்க தானா கத்துக்கணும் என்றாய். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். நம் தெரு வெல்டர் வரவே மாட்டேன் என்றார், முன்னொரு தடவை சாக்கடைக்காக மீட்டிங் போட்டு, டீ குடித்ததுதான் மிச்சம், சாக்கடை அப்படியே இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான்தான் விடவில்லை, இது அந்த மாதிரி இல்லப்பா, என் பொண்ணு நடத்துறது, நான் பொறுப்பு என்றேன். நான் பொறுப்பு என்ற வார்த்தையை யாரும் என் வாயைப் பிடுங்கி வாங்கவில்லை, நானாகவே சொன்னேன்.

கூட்டத்துக்கு வந்த உன் மாணவப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. அட்டையில் நம் தெருவையும் திடலையும் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்கையும் அப்படியே செய்து கொண்டுவந்திருந்தார்கள், ஸ்பாஞ்சில் மரம், தீப்பெட்டியில் பெஞ்சு. யாரும் மேடையில் ஏறவில்லை, பேசுகிறவர்கள் பக்கத்தில் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள், நடுவில் குறுக்கே பேசவில்லை, சொல்லி முடித்ததும் நீங்க சொன்னது இதுதானே என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். ரேடியோ அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினார், ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடவில்லை. வீட்டுக்குப் போகும்போது, இன்னிக்கு என்னையும் ஒரு மனுஷனா மதிச்சுக் கேட்டாங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் என் மகள் சொல்லிக்கொடுத்தாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, அப்பாவிடம் சொல்லி அழுதேன்கூட.

வெல்டரின் மனைவியை உனக்கு நினைவிருக்கும், கிளினிக் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். லாரி மோதி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன பிறகும் வேலையை விடவில்லை, திடலின் குறுக்கே போகிற அந்தச் சாய்வான ஒற்றையடிப் பாதையில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய்வருவாள். யார் தள்ள வந்தாலும் கையைத் தட்டிவிடுவாள், என்னிடமே ஒருநாள் எரிந்து விழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள் அன்றைக்கு உன் பிள்ளைகளிடம், எனக்கு மரம் வேணாம் பூ வேணாம், யாரும் தள்ளாம நானே போற வழி இருந்தா போதும் என்றாள். ஒரு பெண்பிள்ளை கம்பளி நூலை அவள் கையில் கொடுத்து நீங்களே போடுங்கக்கா என்றாள், அவளும் அட்டைத் திடலில் குறுக்காக நூலை ஒட்டினாள். எல்லோரும் கைதட்டினோம். அவ்வளவுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று தெருவே நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியது.

மழைக்காலம் முடிந்ததும் நகராட்சியின் பூங்காவுக்குச் சுவர் வந்தது. திடலைச் சுற்றி ஆள் உயரத்துக்கு, மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும் ஒரே ஒரு கேட். குறுக்குப் பாதை போயே போய்விட்டது. உள்ளே வரிசையாக மரக்கன்று, நடுவில் நீரூற்று, பார்க்க அழகாகத்தான் இருக்கப்போகிறது. வெல்டர் மனைவி இப்போது லாரி போகிற ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போக வேண்டும், அங்கே நடைபாதையும் கிடையாது, அவளை அடித்துப் போட்டதும் அதே ரோடுதான். அதனால் தினமும் வெல்டர் பட்டறையைச் சாத்திவிட்டு அவளைத் தள்ளிக்கொண்டு போகிறார். தள்ளும்போது அவள் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வழியில் யாரோடும் பேசுவதில்லை.

நான் நகராட்சிக்குப் போனேன். அங்கே இருந்த இன்ஜினியர் நல்ல மாதிரிதான், உட்காரவைத்துப் பேசினார். திட்டத்தைப் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை சொல்ல ஒரு மாதம் கொடுத்திருந்தார்களாம், தெருவிலிருந்து ஒருத்தரும் வரவில்லையாம். அப்ப நாலு பேர் வந்திருந்தாக்கூட உங்க பக்கம் ஒரு வாசல் விட்டிருக்கலாம்மா, இப்ப டெண்டர் முடிஞ்சு காண்ட்ராக்டர் இறங்கிட்டார் என்றார். நாங்கதான் மாணவர்கள்கிட்ட எல்லாம் சொன்னோமே என்றேன். அது அவங்க படிப்பும்மா, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல என்றார். எந்த மாதம் என்று கேட்டேன். பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து எங்களைக் கேட்டார்களே, அதே மாதம். ஆனாலும் தெருவுக்கு வந்து நான் என்ன சொன்னேன் தெரியுமா, என் பொண்ணையும் சேர்த்து ஏமாத்திட்டாங்க என்றேன். உனக்காக ரேடியோவிடம் சண்டை போட்டேன், வெல்டரிடம் குரலை உயர்த்தினேன்.

போன வாரம் அந்த நூல் கொடுத்த பெண் வந்தாள், நெட்டையாக, பெரிய பையை மாட்டிக்கொண்டு இருப்பாளே அவள். தனியாக ரயிலேறி வந்திருக்கிறாள். ஆபீசில் என் எதிரே உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள், நான் வாங்குவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசி வகுப்பில் நீ நகராட்சித் திட்டத்தைச் சுவரில் காட்டினாயாம், நீங்கள் அந்தத் தெருவுக்குப் போவதற்கு முன்னாலேயே இது தயாராகிவிட்டது, எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் உங்களிடம் சொல்லவில்லை என்றாயாம். இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு, இதை மறக்காதீங்க, நாளைக்குப் பென்சில் உங்க கையில இருக்கும்போது யாருக்கும் இதைச் செய்யாதீங்க என்று சொன்னாயாம். அந்தச் சக்கர நாற்காலி அக்காவுக்கு யார் டீச்சர் சொல்றது என்று இவள் எழுந்து கேட்டதற்கு, நல்ல கேள்வி என்றாயாம். நல்ல கேள்வி! பதில் சொல்லாமல் மணி அடித்ததும் போய்விட்டாயாம். மூன்று மாதம் அவளுக்குத் தூக்கம் வராமல் கடைசியில் அவளே பதில் சொல்ல வந்திருக்கிறாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். திட்டம் நான் போட்டதில்லம்மா என்றாய், சரி. நான் தடுத்திருந்தாலும் நின்னிருக்காது என்றாய், இருக்கலாம். ஏமாத்தப்பட்டா எப்படி இருக்கும்னு புத்தகத்துல படிச்சா உறைக்காதும்மா, அனுபவிச்சாத்தான் உறைக்கும் என்றாய். அதுவும் சரியாகவே இருக்கட்டும். ஏமாந்தது உன் பிள்ளைகள் மட்டுமா? அவர்களுக்கு உறைப்பதற்கு எங்கள் தலையில்தான் மிளகாய் அரைக்க வேண்டுமா? ஜனங்களைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவள், உங்களை ஒரு பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டுமா என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் ரேடியோ முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருப்பார், நடிக்கச் சொன்னால் நடித்திருப்போம். அம்மா, அந்தப் பக்கம் ஆட்சேபணை வாங்குறாங்க, அங்கேயும் போய்ச் சொல்லுங்க என்று எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பாடம் கெட்டுவிடும் என்றாய். இந்த ஒன்றைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஊரில் எத்தனையோ தெரு இருக்கிறது, எங்கள் தெருவை ஏன் எடுத்தாய் என்றால், இங்கே நான் இருக்கிறேன், நான் கூப்பிட்டால் வருவார்கள், அதற்காகத்தான். அம்மா என்று நினைத்து என்னைக் கூப்பிடவில்லை நீ. நம்பவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் வயிற்றில் பிறந்தவள் இதைச் செய்தாள் என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், பிறகு டிவியையே நிறுத்திவிட்டார்.

வெல்டர் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தாவது அவள் கேட்கக்கூடாது என்று தோன்றியது. என்மேல் கத்துவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், கத்தியிருந்தால் தேவலை. விடுங்கக்கா, உங்க பொண்ணு நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கா, எனக்கே புரிஞ்சுபோச்சு பாருங்க என்றாள். டீ கொடுத்தாள். குடிக்க முடியவில்லை, குடிக்காமல் வரவும் முடியவில்லை.

இதை நான் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன், சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். எதிரே ஹாலில் விளக்கு எரிகிறது. தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள், சுவரில் ஒரு வாசல் கேட்டு என்ன செய்வது என்று பேசத்தான் இருக்கும். நேற்று வெல்டர் வந்து ஹாலைத் திறந்துவிடச் சொன்னார். நாற்காலியெல்லாம் போட்டுவைத்து, நானும் ஓரமாக ஒன்றில் உட்காரப் போனேன். ரேடியோதான் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, தப்பா எடுத்துக்காதீங்கக்கா, நீங்க இல்லாம நாங்களே பேசிக்கிறோம், இங்க பேசறது உங்க வீட்டு போன் வழியா எங்கேயும் போயிடக்கூடாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க என்றார். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வெல்டர் கதவைச் சாத்தினார். இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அட்மிஷன் போட்டவள், டிசி எழுதிக்கொடுத்தவள் நான். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும்போல உண்டு, அது கோபத்துக்கெல்லாம் குறையாது. பனி கொட்டுகிற காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அந்த நெட்டைப் பெண்ணுக்கு மார்க்கைக் குறைத்துவிடாதே. லீவு கிடைக்கும்போது வா, அப்பா புதுக் கண்ணால் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார். வந்தால் நேரே வீட்டுக்கு வா. தெருவில் உன்னைப் பார்த்துப் பேச ஆள் கூட்டிவைக்கச் சொல்லாதே, இனி நான் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன்னை நம்பிய
அம்மா