மூன்று டப்பா சோயா பால்

அம்மாடி,

எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்போம் என்று எழுப்பவில்லை. சோறு குக்கரில் இருக்கிறது. கேஸ்காரர் பத்து மணிக்கு வருவார். போகும்போது சாவியை மீட்டர் பெட்டி மேல் வை.

"பால் பண்ணையில ருசி பாக்குறவன் வீட்டுல பாலே வேணாமா?" என்று கத்தியது நான்தான். "குடிச்சுப் பாக்காம பேசாதீங்கப்பா" என்றாய். சரி, நீ வாங்கி வைத்த மூன்றையும் காலையில் பார்த்துவிட்டேன். பண்ணையில் செய்வதுபோலத்தான்: வெதுவெதுப்பாக ஒரு வாய், நாக்கில் உருட்டி, துப்பிவிடுவது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாய்கூட நான் விழுங்கியதில்லை. விழுங்கினால் அடுத்த கேனின் ருசி பிடிபடாது.

பச்சை டப்பா: ஊறவைத்துக் கொட்ட மறந்த பயறின் வாடை. துப்பினேன்.

நீல டப்பா: அதே வாடைதான், மேலே சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்களும் இதைத்தான் செய்வார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. துப்பினேன்.

வெள்ளை டப்பா: மெலிசு. ஆடை கட்டாது. கடைசியில் லேசாக வறுத்த கடலை மணம். இதைப் பால் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொதிக்கிற காபியில் ஊற்றினால் திரிகிறது, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்று.

அப்பா

பி.கு. வெள்ளை டப்பாவில் பாதிதான் இருக்கும். துப்ப மறந்துவிட்டேன்.